பதம் பார்த்து உருட்டிய இரும்பு

போன மாதம் ஒரு நாள் காலை, படப்பையிலிருந்து ஒரகடம் போகும் வழியில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். எதிரே காலி மனையில் கறுப்புப் பூச்சு போட்ட பெரிய இரும்புக் குழாய்களை மணல் மூட்டை முட்டுக் கொடுத்து அடுக்கியிருந்தார்கள். ஓய்வு பெற்று பல வருடம் ஆகியும் பழைய வேலைப் புத்தி போகவில்லை. டம்ளரோடு சாலையைக் கடந்து போய், குழாயின் வாயோரம் பெயிண்டில் எழுதியிருந்ததைப் படித்தேன். உருக்கு எண், குழாய் எண், நீளம், கனம். நடுவில் 'எக்ஸ் 70 எம்'.

திரும்பி வந்ததும் கடைக்காரர் கேட்டார்: "அதுல என்னா சார் அவ்ளோ உத்துப் பாக்கறீங்க?"

இந்த மாதிரி தகடு உருட்டுற ஆலையிலதான் முப்பது வருஷம் வேலை பார்த்தேன் என்றேன். அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். "எங்க மச்சான் நிலத்துல கூட இந்த மாதிரி ஒண்ணு போவுது சார். நிலம் உன்னுதுதான், ஆனா கிணறு வெட்டாதே, மரம் வெக்காதே, வீடு கட்டாதேன்றாங்க. அது கூடப் போவட்டும். ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குதுன்றாரு. வெடிக்காதுல்ல சார்?"

"வெடிக்காதுப்பா" என்று சொல்லிவிட்டுக் காசு கொடுத்து வந்துவிட்டேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பதில் எனக்கே உறுத்த ஆரம்பித்துவிட்டது. முப்பது வருடம் தகடு உருட்டியவன், கேட்டவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தையில் சொல்லக் கூடிய விஷயமா இது? ஒழுங்கான பதில் அந்த 'எம்' என்ற எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன்.

அவர் பயத்தில் நியாயம் உண்டு. எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் 2019 மார்ச்சில் தொடங்கியது. அங்கிருந்து திருவள்ளூர், பெங்களூரு, புதுச்சேரி, நாகப்பட்டினம், மதுரை, தூத்துக்குடி என்று ஒரே திட்டமாகக் குழாய் போகிறது. அதில் ராமநாதபுரம் – தூத்துக்குடி இடையிலான 143 கி.மீ. பகுதி 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முன்பே கொங்கு மண்டலத்தில் ஏழு மாவட்ட விவசாயிகள் தங்கள் வயல் வழியே எரிவாயுக் குழாய் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று போராடினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2016இல் குழாய்க்குச் சாதகமாக முடிந்தது. நடுவில் 2014 ஜூன் 27 அன்று ஆந்திராவில் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். இதையெல்லாம் டிவியில் பார்த்தவருக்கு "வெடிக்காதுப்பா" போதுமா?

முதலில் எழுத்துகளைப் பார்ப்போம். 'எக்ஸ் 70' என்றால், அந்த எஃகு ஒரு சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவிசை வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். அடுத்த எழுத்து, அந்த வலிமை எப்படி வந்தது என்று சொல்கிறது. உருட்டியதை அப்படியே விட்டால் 'ஆர்'. ஆறிய தகட்டை மறுபடி உலையில் சூடாக்கி, காற்றில் ஆற விட்டால் 'என்'. தண்ணீரில் அடித்து, பிறகு லேசாகச் சூடு காட்டிப் பதப்படுத்தினால் 'க்யூ'. உருட்டும்போதே சூட்டையும் அழுத்தத்தையும் கணக்காகச் சேர்த்து நடத்தி, வேண்டிய குணத்தை வரவழைத்தால் 'எம்'. என் மகன் ஒரகடத்தில் லாரி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறான். அவர்கள் சேஸிஸ் தகட்டின் லேபிளிலும் 'எஸ் 500 எம்சி' என்று இதே எழுத்து உண்டு.

வீட்டில் அதிரசம் செய்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். அதே வெல்லம், அதே அரிசி மாவுதான். ஆனால் பாகு பதம் ஒரு நிமிடம் முந்தினால் எண்ணெயில் பிரிந்து போகும், ஒரு நிமிடம் பிந்தினால் கல்லாகிவிடும். எஃகும் அப்படித்தான். ஒரே உருக்கிலிருந்து வந்த இரண்டு பாளங்களை எடுத்து, ஒன்றை அவசரமாகவும் மற்றொன்றை நின்று நிதானமாகவும் உருட்டினால், இரண்டும் வெவ்வேறு தகடுகள். ரசாயனச் சோதனையில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இதை உலகம் கற்றுக்கொண்டது கப்பல் உடைந்து. 1943 ஜனவரி 16, அமெரிக்காவில் போர்ட்லாண்ட் துறையில் ஷெனெக்டடி என்ற புத்தம் புது எண்ணெய்க் கப்பல், புயலும் இல்லை அலையும் இல்லை, துறையில் நின்றபடியே நடுவில் இரண்டாகப் பிளந்தது. போர்க்காலத்தில் பற்றவைத்துக் கட்டிய வேறு பல கப்பல்களும் இப்படியே விரிசல் விட்டன. எல்லோரும் வெல்டரைத் திட்டினார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் உலோகவியலாளர் சோதித்துப் பார்த்து, குளிரில் அந்த எஃகே கண்ணாடி மாதிரி நொறுங்குகிறது என்று காட்டினார்.

அடுத்து பிரிட்டனில் ஹால் 1951இலும், பெட்ச் 1953இலும் ஒரு விதியைக் கண்டுபிடித்தார்கள். எஃகுக்குள் இருக்கும் படிக மணிகள் எவ்வளவு பொடியாக இருக்கின்றனவோ, அவ்வளவு வலிமை. எஃகை வலுவாக்கும் மற்ற வழிகள் எல்லாம், ஒரு கையால் வலிமையைக் கொடுத்து மறு கையால் உடையாத் தன்மையைப் பிடுங்கிக்கொள்ளும். மணியைப் பொடியாக்குவது ஒன்றுதான் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும். அதற்குப் பிறகு எங்கள் தொழிலின் முழு முயற்சியும் அந்த மணியைச் சின்னதாக்குவதில்தான் போனது.

குழாய்க்காரர்களுக்குப் பாடம் 1960இல் வந்தது. நியூ மெக்சிகோவில் 30 அங்குல எரிவாயுக் குழாய் ஒன்றில் ஒரு விரிசல் கிளம்பி 13 கி.மீ. ஓடியது. படப்பையிலிருந்து ஒரகடம் தாண்டிப் போகும் தூரம்! தண்ணீர் நிரப்பிய குழாய் விரிந்தால், அழுத்தம் கண நேரத்தில் இறங்கிவிடும், விரிசல் நின்றுவிடும். வாயு அப்படி அல்ல. வாயுவுக்குள் அழுத்தம் இறங்கும் செய்தி நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில்தான் பயணம் செய்யும். நொறுங்கும் எஃகில் விரிசல் அதைவிட வேகமாக ஓடும். ஆகவே விரிசலின் முனையில் எப்போதும் முழு அழுத்தமும் தள்ளிக்கொண்டே இருக்கும். கிழிகிற எஃகில் விரிசல் மெதுவாகப் போகும். அழுத்தம் அதை முந்திக்கொண்டு இறங்கி, விரிசலைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடும். குழாய்க்கு வலிமை மட்டும் போதாது, உடையாமல் கிழியவும் தெரிய வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதைச் சோதிக்கவே பெரிய சம்மட்டி எடையைத் தகட்டுத் துண்டின் மேல் விழவிட்டு உடைத்துப் பார்க்கும் சோதனை வந்தது. உடைந்த முகத்தில் 85 சதவீதமாவது கிழிந்த முகமாக இருக்க வேண்டும் என்பது கணக்கு.

மணியைப் பொடியாக்கும் வழிக்கு உதவியது நையோபியம் என்ற உலோகம். 1958இல் அமெரிக்காவில் கிரேட் லேக்ஸ் ஸ்டீல் என்ற கம்பெனி, அதைச் சிட்டிகையளவு சேர்த்து எஃகு விற்க ஆரம்பித்தது. இன்று குழாய்த் தகட்டில் சுமார் 0.04 சதவீதம், அதாவது ஒரு டன் எஃகுக்கு 400 கிராம். சமையலில் பெருங்காயம் போல. ஆனால் பெருங்காயம் போட்டால் மட்டும் சாம்பார் ஆகிவிடாது அல்லவா?

ஆலையில் நடப்பது இதுதான். பாளத்தை உலையில் 1150 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் நையோபியம் எஃகில் கரையும். அந்தச் சூட்டில் முதல் சுற்று உருட்டும்போது, நசுங்கிய மணிகள் உடனுக்குடன் புது மணிகளாகப் பிறக்கும். பிறகு நிறுத்த வேண்டும். 60 மில்லி கனத்தில் இருக்கும் அந்தச் செந்தகட்டை, ரோலர் மேசை மேல் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே, 900 டிகிரி சுமாருக்கு இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசிச் சுற்று. இந்தக் குறைந்த சூட்டில் நையோபியம் நுண்துகளாகப் பிரிந்து, மணிகள் புதிதாகப் பிறக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். மணிகள் பரோட்டா மாவு தட்டிய மாதிரி தட்டையாக, அடுக்கடுக்காக நசுங்கும். ஆறும்போது ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலிருந்தும் புது மணிகள் முளைக்கும். இடம் இல்லாததால் அவை பெரிதாக வளர முடியாது. மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்குப் பொடி.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் ஜப்பான்காரர்கள். அலாஸ்காவுக்குக் குறுக்கே 1,300 கி.மீ. எண்ணெய்க் குழாய் போடத் திட்டமிட்டபோது, 48 அங்குலக் குழாய்களை 1969இல் ஜப்பானிய ஆலைகளிடம்தான் ஆர்டர் செய்தார்கள். 1977இல் எண்ணெய் ஓடியது. பிறகு 1980இல் என்.கே.கே. கம்பெனி, ஃபுகுயாமா தகட்டாலையில் உருட்டி முடித்த உடனே, அதே வரிசையில் தகட்டுக்குத் தண்ணீர் காட்டும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நொடிக்குப் பத்து, இருபது டிகிரி வேகத்தில் இறக்கி, 500 டிகிரி அளவில் தண்ணீரை நிறுத்தி, மிச்சத்தைக் காற்றில் ஆற விடுவார்கள். மணி இன்னும் பொடியாகும். கரி அளவைக் குறைத்தும் வலிமை வரும். கரி குறைந்தால் வயலில் நின்று பற்றவைப்பது சுலபம்.

லாபம் எவ்வளவு என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 36 அங்குலக் குழாய், 90 பார் அழுத்தம் என்று வையுங்கள். 'எக்ஸ் 52' எஃகு என்றால் சுமார் 16 மில்லி கனம் வேண்டும். 'எக்ஸ் 70' என்றால் 12 மில்லி போதும். மீட்டருக்கு 90 கிலோ குறையும், 1,000 கி.மீ.க்கு 90,000 டன். ஆனால் நாலு மில்லி இரும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாம் வைப்பது என்ன? உருட்டியவனின் பொறுமையைத்தான்.

இரும்பைக் குறைந்த சூட்டில் வேலை செய்ய வேண்டும் என்பது நம் ஊருக்குப் புதிதல்ல. தமிழகத்தில் கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மூசையில் எஃகு செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்று சொன்ன எஃகு இந்த வகைதான். அங்கே கொண்டுபோனதும் அவர்கள் கொல்லர்கள் தங்கள் எஃகைப் போலவே வெண்சூடு காட்டி அடித்தார்கள்; அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. நம் எஃகில் கரி அதிகம். சூட்டை அடக்கி, மெல்ல அடித்தால்தான் வழிக்கு வரும். மைக்கேல் ஃபாரடே 1819இலேயே அதைச் சோதனைச் சாலையில் எடுத்து ஆராய்ந்தார். குழாய்த் தகட்டின் ரசாயனம் வேறு, காரணமும் வேறு. பாடம் மட்டும் ஒன்றுதான்.

இவ்வளவும் படித்தவன்தான் நான். படித்தும் தப்புச் செய்தேன். அதையும் எழுத வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், வடக்கே நான் இருந்த ஆலைக்கு எரிவாயுக் குழாய்த் தகடு ஆர்டர் ஒன்று வந்தது. எங்களிடம் தண்ணீர் காட்டும் வரிசை அப்போது இல்லை. காத்திருந்து உருட்டுவது மட்டும்தான். ஒரு தகட்டுக்கு மூன்று, மூன்றரை நிமிடம் ஆலையே சும்மா நிற்கும். இரவு ஷிப்ட், நான் பொறுப்பு. உலையில் பாளங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. மேலிடத்திலிருந்து இரண்டு முறை போன்: "டன் எங்கே?" மூன்றாவது போன் வருவதற்கு முன், 900க்குக் காத்திருக்க வேண்டாம், 980இலேயே எடு என்று ஆப்பரேட்டரிடம் சொன்னேன். ஒடிசாக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஒரு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார். "சாப், எழுதிக் கொடுத்த சூடு 900" என்றார். எடுங்கள் என்றேன். எடுத்தார். விடியும்போது டன் கணக்கு அழகாக இருந்தது.

இழுத்துப் பார்த்த சோதனையில் தகடுகள் தேறின. சின்னத் துண்டை உடைக்கும் சோதனையிலும் தேறின. இரண்டு நாள் கழித்து சம்மட்டிச் சோதனைத் துண்டுகள் வந்தன. நல்ல தகடு உடைந்தால் பனைமட்டை கிழிந்த மாதிரி நார்நாராக, சாம்பல் நிறத்தில் இருக்கும். என் தகடுகள் உடைத்த கற்கண்டு மாதிரி மின்னின. நாற்பத்தாறு தகடுகள். எல்லாவற்றையும் குழாய் ஆர்டரிலிருந்து ஒதுக்கி, சாதாரணக் கட்டுமானத் தகடாக விலை குறைத்துத் தள்ளினோம்.

விசாரணை அறிக்கை எழுத வேண்டியவனும் நானேதான். ஷிப்ட் புத்தகத்தில் சூடு குறித்திருந்தது ஆப்பரேட்டர் கையெழுத்தில். என் வாய் உத்தரவுக்குச் சாட்சி கிடையாது. அவர் மேல் எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முதல் பிரதியில் 'இயக்குபவர் கவனக்குறைவு' என்றுதான் எழுதினேன். இரவு தூக்கம் வரவில்லை. காலையில் அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். எனக்கு ஒரு வருட இன்க்ரிமெண்ட் நின்றது. அவரிடம் போய்ச் சொன்னபோது கோபமே படவில்லை. "இரும்புக்கு நம்ம ஷிப்ட் தெரியாது சாப்" என்று மட்டும் சொன்னார்.

தண்ணீர் காட்டும் முறை வந்த பிறகு கவலை தீர்ந்ததா என்றால், இடம் மாறியது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடும். நீருக்கும் கல்லுக்கும் நடுவே ஆவிப் படலம் இருப்பதால் சூடு சீக்கிரம் இறங்காது. கல் கொஞ்சம் ஆறியதும் படலம் உடைந்து 'சுர்' என்று ஒட்டும். சூடு சட்டென்று இறங்கும். மூன்று மீட்டர் அகலத் தகட்டில் இந்தப் படலம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் உடையாது. முதலில் உடைந்த இடம் மற்ற இடத்தைவிட வேகமாக ஆறி, தகடு அப்பளம் போல நெளியும். மேலே ஊற்றிய தண்ணீர் தகட்டின் மேல் தேங்கும், கீழே அடித்த தண்ணீர் விழுந்துவிடும். இரண்டையும் சமன் செய்ய வேண்டும். ஆவிப் படலமே நிற்காதபடி தண்ணீரைச் செலுத்தும் புது முறையை, ஃபுகுயாமா முறையை உருவாக்கியவர்களே 1998இல் கொண்டுவந்தார்கள்.

நெளிவு கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். அளவுக்கு மீறி ஆறிய மேல்தோல் கண்ணுக்குத் தெரியாது. கஜகஸ்தானில் காஸ்பியன் கடலின் கஷகன் வயலில் 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் குழாய்களில் கசிவு. எஃகில் ஆங்காங்கே கடினம் அளவை மீறியிருந்த இடங்களில், வாயுவில் இருந்த ஹைட்ரஜன் சல்பைடு விரிசல் உண்டாக்கியிருந்தது. சுமார் 200 கி.மீ. குழாயை முழுவதும் மாற்றி, 2016இல்தான் மறுபடி ஓட்டினார்கள். அதற்குப் பிறகு தகட்டின் மேல்தோல் எப்படி ஆறுகிறது என்பதை எங்கள் துறை வேறு கண்ணால் பார்க்கிறது. நம் ஊருக்கு வரும் எரிவாயு சுத்திகரித்தது, அந்த நச்சு அதில் இல்லை. ஆனால் கவனக்குறைவுக்கு விலை என்ன என்று அந்த வயல் காட்டியது.

நம் நாட்டிலும் இன்று நிலைமை மாறிவிட்டது. குஜராத்தில் ஹஜிராவிலும் அஞ்சாரிலும் அகலத் தகடு ஆலைகள் இருக்கின்றன. ரூர்கேலா ஆலை விரிவாக்கம் 2015 ஏப்ரல் 1 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது, அதில் 4.3 மீட்டர் அகலத் தகடு உருட்டும் ஆலை, தண்ணீர் காட்டும் வரிசையோடு வந்தது. தகடாக இல்லாமல் சுருளாக உருட்டி, சுற்றிப் பற்றவைத்தும் குழாய் செய்கிறார்கள். சூட்டுக் கணக்கு அதற்கும் இதேதான். காத்திருப்பதைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. சூடு இறங்காமல் அடுத்த சுற்றுக்கு விடாது. என்னைப் போல ஒருவன் நடுராத்திரியில் அவசரப்படுவது இப்போது அவ்வளவு சுலபமில்லை.

நேற்று மறுபடி அந்த டீக்கடைக்குப் போனேன். சொன்ன பதிலைத் திருத்திக்கொள்ள வேண்டும் அல்லவா? குழாய் தானாக வெடிக்காது, அதற்காகத்தான் இவ்வளவும் செய்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். நகரத்தில் நடந்தது எஃகு பலம் போதாமல் அல்ல. ஈரம் போகாத வாயுவை அனுப்பி, குழாய் உள்ளே அரித்துப்போனது. மச்சானிடம் இரண்டு விஷயம் சொல்லச் சொன்னேன். ஒன்று, மேலே மூடிய மண் குறைந்தது ஒரு மீட்டர் இருக்கிறதா, மழையில் அரித்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு, அந்த வரிசையில் யாராவது ஜேசிபி கொண்டுவந்தால், குழாய்க் கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும்.

பிறகு அவருக்குக் காத்திருந்து உருட்டும் கதையையும், என் நாற்பத்தாறு தகடு கதையையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "அப்ப இந்தக் கொழாய்க்கு அந்த மூணு நிமிஷம் நின்னாங்களா இல்லியான்னு எப்டி சார் தெரியும்?"

சரியான கேள்வி. எதிரே இருந்த குழாயைக் காட்டினேன். அதன் வாயில் எழுதியிருக்கும் உருக்கு எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால், எந்தப் பாளம், என்றைக்கு, எந்த ஷிப்ட், எத்தனை டிகிரி என்று அந்த இரவு வரைக்கும் போகலாம். உடைத்துப் பார்த்த துண்டின் கணக்கும் அங்கே இருக்கும். ஒவ்வொரு குழாயையும் ஆலையிலேயே தண்ணீர் அழுத்தத்தில் சோதிக்கிறார்கள். புதைத்த பிறகும், வேலை அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் இன்னொரு முறை. என் தகடுகள் மாட்டிக்கொண்டதும் அப்படி ஒரு சோதனையில்தான். மாட்டாமல் போயிருந்தால் இன்று அவை யாரோ ஒருவர் வயலுக்குள் கிடந்திருக்கும்.

"சரி சார், மச்சான்கிட்ட சொல்றேன்" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த முறை பரங்கிப்பேட்டையில் 1830களில் நடந்த இரும்பாலையைப் பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன்.